கண்ணிமைச் சத்திரசிகிச்சை: திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"என்ன அக்கா, நித்திரை இல்லையோ?" என்று கடைத்தெருவிலும் கேட்கிறார்கள், கோயிலிலும் கேட்கிறார்கள். நன்றாக நித்திரை கொண்டு எழும்பிய முகம்தான். மேல் இமைத் தோல் மடிந்து இமைமயிரில் முட்டுவதால் களைத்ததுபோலத் தெரிகிறது. கண்ணிமைச் சத்திரசிகிச்சை பற்றிய யோசனை பலருக்கு இப்படித்தான் வருகிறது. அது வெட்கப்படவேண்டிய ஆசையும் இல்லை, அவசரப்படவேண்டிய வேலையும் இல்லை. செலவு எவ்வளவு என்று விசாரிக்க முதல், உங்கள் கண்ணில் தொங்குவது எது என்று தெரியவேண்டும். தோலா, இமையைத் தூக்கும் தசையா, புருவமா, கொழுப்பா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பிரித்தறியாமல் கத்தி வைத்த இடத்தில்தான் பிறகு மனவருத்தம் வருகிறது.

கண்ணாடி முன் பத்து நிமிடம்

பகல் வெளிச்சத்தில், நெற்றியைத் தளர்த்தி, நேரே பாருங்கள். கண்ணுக்கு நேர் உயரத்தில் போனைப் பிடித்து, பிளாஷ் போட்டு, வீட்டில் ஒருவரைக்கொண்டு ஒரு படம் எடுப்பியுங்கள். படத்தைப் பெருப்பித்தால் கருவிழியின் நடுவில் பிளாஷின் வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து மேல் இமையின் விளிம்பு, அதாவது இமைமயிர் முளைக்கும் கோடு, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வளர்ந்த ஒருவரின் கருவிழி ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் அகலம். அதையே அடிமட்டமாக வைத்துக்கொள்ளலாம். புள்ளிக்கும் விளிம்புக்கும் இடையில் கருவிழி அகலத்தின் மூன்றிலொரு பங்கோ சற்றுக் கூடவோ இருந்தால், அதாவது 4 முதல் 5 மில்லிமீற்றர் இருந்தால், தசை ஒழுங்காக வேலை செய்கிறது. ஆறிலொரு பங்குக்கு இறங்கியிருந்தால் அது தசைத்தொய்வு. தசைத்தொய்வு உள்ளவருக்குத் தோலை மட்டும் வெட்டினால் இமை இருந்த இடத்திலேயே இருக்கும். அவருக்கு வேண்டியது அந்தத் தசையை இறுக்கிக் கட்டுகிற வேறொரு சத்திரசிகிச்சை.

விளிம்பு சரியான உயரத்தில் இருந்து, அதன்மேல் தோல் திரைச்சீலைபோல மடிந்து, வெளிமூலைப் பக்கம் கூடுதலாகத் தொங்கினால் அதுதான் தோல் தொங்கல். இந்தச் சத்திரசிகிச்சை மிக நன்றாகப் பலன் தருவது இதற்குத்தான்.

அடுத்து, புருவத்தை விரலால் மெல்லத் தூக்கி எலும்பு விளிம்பின்மேல் வையுங்கள். மடிப்பு முழுவதும் மறைந்துபோனால், இறங்கியிருப்பது புருவம். பல வருடமாக நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கிப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இமைத்தோலை வெட்டிய பிறகு நெற்றி ஓய்வெடுக்கும்; புருவம் இன்னும் இறங்கும். முகம் கடுகடுத்ததுபோல ஆகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாத வைத்தியரிடம் இரண்டாம் முறை யோசியுங்கள்.

கீழ் இமைக்கு, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் மேலே பாருங்கள். அப்போது பை கூடுதலாகப் புடைத்தால் அது கண்குழிக்குள் இருந்து முன்னுக்குத் தள்ளிய கொழுப்பு. அதைக் குறைக்கவோ கீழுள்ள பள்ளத்துக்குள் நகர்த்தி வைக்கவோ முடியும். காலையில் வீங்கி மத்தியானத்தில் வற்றுகிற பை, கருவாடு, ஊறுகாய் சாப்பிட்ட மறுநாள் கூடுகிற பை நீர்; அது கத்திக்கு அடங்காது. முகமும் காலும் சேர்ந்து வீங்கினால் சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் சோதிப்பதே முதல் வேலை. கருவளையம் தோலின் நிறமாக இருந்தால் அதையும் சத்திரசிகிச்சை எடுக்காது. டோர்ச்சை முகத்துக்கு நேரே பிடிக்கும்போது கருமை காணாமல் போனால் அது பையின் நிழல். அப்படியே நின்றால் நிறம்.

இவை வைத்தியரின் பரிசோதனைக்குப் பதிலாகாது. எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு போக உதவும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு சங்கதிகளில் அழகைப் பற்றிய பேச்சே பிறகுதான். காலையில் நன்றாக இருந்து பொழுதுபடப் படத் தொங்குகிற இமை, கூடவே பொருட்கள் இரண்டாகத் தெரிவது தசைக் களைப்பு நோயின் அறிகுறியாக இருக்கலாம். நரம்பியல் நிபுணரிடம் காட்டவேண்டும். திடீரென்று ஒரு பக்கம் இமை விழுந்து, தலையிடியோ இரு கண்ணின் பாவைகளின் (கருவிழி நடுவிலுள்ள கருவட்டங்களின்) அளவில் வித்தியாசமோ இருந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எங்கே காட்டுவது

இமை பார்வையை மறைக்கிற அளவுக்கு இறங்கிவிட்டது, வாசிக்கக் கையால் தூக்கிப் பிடிக்கவேண்டியிருக்கிறது என்றால் முதலில் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் காட்டுங்கள். அது நோய், அழகுக்கான வேலை அல்ல. தேவையானால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குத் துண்டு எழுதுவார்கள். அழகுக்காக மட்டும் செய்வதென்றால் தனியார் வைத்தியசாலைதான். நம்மூரிலிருந்து பெரும்பாலானோர் அதற்குக் கொழும்புக்கே போகிறார்கள். கீழே வருவதெல்லாம் அப்படிப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

சனல் பண்ணும்போது பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரா, இமைச் சத்திரசிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற கண் வைத்திய நிபுணரா என்று கேட்டுப் பதியுங்கள். இருவரும் இதைச் செய்யத் தகுதியுள்ளவர்கள். தசைத்தொய்வும் கலந்திருந்தால் கண் நிபுணர் பக்கம் சாய்வது நல்லது. வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்கவேண்டும். தனியார் வைத்தியசாலையோ நிலையமோ 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். அழகுநிலையங்களில் "வெட்டாமலே இமை தூக்கித் தருகிறோம்" என்று நெருப்புப்பொறி கக்கும் பேனா போன்ற கருவியால் சுடுவதும் கண்ணுக்குக் கீழே பள்ளத்தை நிரப்புகிற ஊசி போடுவதும் நடக்கிறது. இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லிய தோல், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அந்த நிரப்பும் ஊசி மருந்து தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் கண்பார்வையே போகலாம். மலிவு என்று அங்கே போகாதீர்கள்.

முதல் சந்திப்புக்குப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய படங்களைக் கொண்டுபோங்கள். கலியாண அல்பத்தில் நேரே பார்த்து எடுத்த ஒரு படம் போதும். நடிகையின் படத்தைவிட உங்கள் சொந்த இளவயதுப் படமே வைத்தியருக்குப் பயன்படும்; பலருக்கு இமை சிறுவயதிலிருந்தே கனத்ததாக இருக்கும், இரண்டு கண்ணும் அன்றே ஒரே அளவில் இருந்திராது. எல்லா மாத்திரைகளையும் பெயரை நினைவில் வைத்துச் சொல்லாமல் பெட்டியோடு கொண்டுபோங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் அதில் சேர்த்தி.

அங்கே உங்கள் கீழ் இமையை இழுத்து விட்டுப் பார்ப்பார்கள். விட்டவுடன் கண்ணில் போய் ஒட்டவேண்டும். கண்ணைச் சிமிட்டிய பிறகே போய் ஒட்டினால் இமை தளர்ந்திருக்கிறது. அதைக் கட்டாமல் கொழுப்பை மட்டும் எடுத்தால் இமை வெளிப்புறம் புரளும். கண்ணீர் அளவைப் பார்க்க மெல்லிய தாள் துண்டொன்றைக் கீழ் இமையில் ஐந்து நிமிடம் செருகி வைப்பார்கள். அது 5 மில்லிமீற்றருக்கும் குறைவாக நனைந்தால் கண் வரட்சி கடுமை. அப்படியானவர்களுக்குச் செய்யாமல் விடுவதே சில வேளை நல்ல வைத்தியம். கண்ணாடி போடாமலிருக்க லேசர் செய்தவர்கள் குறைந்தது ஆறு மாதம் பொறுக்கவேண்டும்.

கேட்கவேண்டிய கேள்விகளில் முதன்மையானது இது: "எவ்வளவு தோலை விட்டுவைப்பீர்கள்?" புருவத்தின் அடியிலிருந்து இமைமயிர்வரை குறைந்தது 20 மில்லிமீற்றர் தோல் மிஞ்சவேண்டும். அதற்குக் குறைந்தால் கண் முழுவதும் மூடாது. குறைவாக வெட்டியதைப் பிறகு இன்னும் கொஞ்சம் வெட்டலாம். கூட வெட்டியதை ஒட்டமுடியாது. செலவைக் கேட்கும்போது வைத்தியர் கட்டணம், தியேட்டர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர், மருந்துகள், தையல் வெட்டும் வருகை என்று பிரித்து எழுதி வாங்குங்கள். திருத்தவேண்டி வந்தால் யார் பணம் கட்டுவது என்பதையும் அதே தாளில் எழுதுவியுங்கள்.

நாள் குறிக்கும்போது

இங்குள்ளவர்கள் காற்றையும் பார்க்கவேண்டும். மே தொடக்கம் செப்டெம்பர்வரை கச்சான் வீசுகிற காலத்தில் வரண்ட சூடும் புழுதியும் நல்ல கண்ணையே எரிக்கும். சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்கு இமை முழுவதும் மூடாமல் இருக்கலாம், சிமிட்டலும் குறையலாம். கச்சானில் அது பெரும் வேதனை. மாரியில் வெள்ளம் வந்து வீதி மறிபடலாம். பெப்ரவரி, மார்ச் ஓரளவு தோதான மாதங்கள், சிவராத்திரி விழிப்பை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். கலியாணம், பூப்புனித நீராட்டு விழா என்று வீட்டில் விசேசம் இருந்தால் குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

அஸ்பிரின், டைக்குளோபினாக், இபுபுரோபன், மீன் எண்ணெய், விற்றமின் ஈ, உள்ளி மாத்திரை எல்லாம் இரத்தத்தை உறையவிடாமல் செய்யும். வழமையாக 7 முதல் 10 நாள் முன் நிறுத்தச் சொல்வார்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரையில் டைக்குளோபினாக் இருக்கிறதா என்று பாருங்கள், பலர் மறப்பது அதைத்தான். ஆனால் இதயத்துக்கோ பாரிசவாதத்துக்கோ அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் எடுப்பவர்கள் தாமாக ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. அதை எழுதிக்கொடுத்த வைத்தியரே முடிவு சொல்லவேண்டும். பிறஷரும் சீனியும் கட்டுக்குள் வராமல் நாள் குறிக்காதீர்கள்: உயர்ந்த பிறஷர் தையலுக்குள்ளே இரத்தம் கசிய வைக்கும். சிகரெட்டும் புகையிலை போட்ட வெற்றிலையும் நான்கு வாரம் முன்னரே போகவேண்டும், நிக்கொட்டின் காயத்துக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கும்.

கொழும்பு 260 கிலோமீற்றர். பஸ்ஸில் ஆறேழு மணித்தியாலம், அதிலும் இரவுப் பயணம் என்றால் நித்திரையும் இல்லை. முதல் நாளே போய்ச் சேருங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் குறைந்தது இரண்டு இரவு வைத்தியசாலைக்கு அருகில் தங்குங்கள். தையல் வெட்டும்வரை, ஐந்து முதல் ஏழு நாள், தங்க ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை எடுத்துவையுங்கள், தலைவழியாகக் கழற்றுகிற உடுப்பு இமையில் உரசும்.

தியேட்டரில்

மேல் இமை மட்டும் என்றால் பெரும்பாலும் விறைக்கிற ஊசியிலேயே முடித்துவிடுவார்கள், ஒரு மணித்தியாலம் அளவில். முதலில் உங்களை இருத்தி வைத்தே பேனையால் கோடு போடுவார்கள். படுத்தால் தோல் பின்னுக்குச் சரிந்து கணக்கு மாறிவிடும். கீழ்க்கோடு இமையின் இயற்கை மடிப்பில் விழும், பெண்களுக்கு இமைமயிரிலிருந்து 8 முதல் 10 மில்லிமீற்றர் உயரத்தில், ஆண்களுக்குச் சற்றுக் கீழே. பிறகு மழுங்கிய இடுக்கியால் தோலைக் கிள்ளிப் பிடித்து, எவ்வளவு கிள்ளினால் இமைமயிர் சற்றே நிமிர்கிறது, எவ்வளவில் கண் திறக்கத் தொடங்குகிறது என்று பார்த்து மேல்க்கோடு போடுவார்கள். இந்த ஐந்து நிமிடத்தில்தான் முழுப் பலனும் தீர்மானமாகிறது. அப்போது பொறுமையாக நேரே பார்த்துக்கொண்டிருங்கள். சிரிக்கவோ புருவத்தைத் தூக்கவோ வேண்டாம்.

ஊசி சில செக்கன் எரியும். மருந்தோடு அட்ரினலின் கலந்திருப்பதால் நெஞ்சு சற்றுப் படபடக்கும், அது போய்விடும். பத்து நிமிடம் காத்திருந்துதான் வெட்டத் தொடங்குவார்கள். வலி இராது, இழுப்பதும், கருகல் மணமும் தெரியும், இரத்தக் குழாய்களை மின்சூட்டால் அடைக்கும் மணம் அது. கொழுப்பை இழுக்கும்போது கண்ணுக்குப் பின்னால் ஒரு அழுத்தம் வரலாம், வலித்தால் உடனே சொல்லுங்கள். தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள்.

கீழ் இமைக்கு இரண்டு வழி. தோல் தளராமல் கொழுப்பு மட்டும் தள்ளியிருந்தால் இமையின் உட்பக்கமாக வெட்டி எடுப்பார்கள். வெளியே தழும்பே இராது. தோலும் தளர்ந்திருந்தால் இமைமயிருக்கு அடியில் வெட்டு. நம் நிறத்துத் தோலில் வெட்டுக்கோடு சில மாதம் கருத்துத் தெரியலாம் என்பதால், இரண்டும் முடியுமென்றால் உட்பக்க வழியே மேல்.

முதல் இரவு

கண்ணைக் கட்டமாட்டார்கள், கட்டினால் உள்ளே நடப்பது தெரியாது. மருந்துக் களிம்பால் பார்வை மங்கலாக இருக்கும். விறைப்பு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் விட்டுப்போகும், அதன்பின் வருவது எரிச்சலும் இறுக்கமும்தான். 500 மில்லிகிராம் பெனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, போதும். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர்கள், 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள் வைத்தியரிடம் அளவு கேளுங்கள். பெனடோலுக்கு அடங்காத வலி வந்தால் வேறு மாத்திரை தேடாதீர்கள், வைத்தியரைத் தேடுங்கள்.

தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்து படுங்கள். ஐஸைப் பொடியாக்கி சிறு பொலித்தீன் பையில் போட்டு, கொதித்தாறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியில் சுற்றி, இமையில் பாரமில்லாமல் வையுங்கள். மணித்தியாலத்துக்கு 10 முதல் 15 நிமிடம், விழித்திருக்கும் நேரமெல்லாம், 48 மணித்தியாலம். ஐஸை நேரே வைத்தால் விறைத்த தோல் வெந்ததுகூடத் தெரியாது.

கூட இருப்பவருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. போனில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து, ஒரு கண்ணை மெல்ல மறைத்து, மற்றக் கண்ணால் சுவர்க் கலண்டரின் பெரிய இலக்கத்தை வாசிக்கச் சொல்லவேண்டும். பிறகு மறுகண். களிம்பை மெதுவாகத் துடைத்தபின்னும் மங்கலாகிக்கொண்டே போனால், ஒரு கண் மட்டும் கல்லுப்போல இறுகி வெளியே தள்ளினால், குத்துகிற வலி வந்தால், கண்ணுக்குப் பின்னால் இரத்தம் சேர்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது மிக அரிது. வந்தால் பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள். சேர்ந்த இரத்தம் பார்வை நரம்பை நெரிக்கும், ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் அழுத்தத்தைத் திறந்துவிடாவிட்டால் பார்வை திரும்பாது. விடியட்டும் என்று பார்க்க நேரமில்லை. வைத்தியருக்கு அழைத்துக்கொண்டே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஊருக்குத் திரும்பிய பின் நடந்தால் திருகோணமலை வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே நேரே போங்கள், கொழும்புக்குப் புறப்படாதீர்கள். இரண்டு இரவு அருகில் தங்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

அதற்குப் பிறகு

இரண்டாம் மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்தால் மனம் சோரும். வீக்கம் உச்சத்தில் நிற்பது அப்போதுதான். கண்டல் ஊதாவாகிப் பச்சையாகி மஞ்சளாகி, கன்னத்துக்கும் இறங்கி, பத்துப் பதினாலு நாளில் மறையும். ஒரு கண் முந்தியும் மற்றது பிந்தியும் வற்றும். முதல் வாரத்தில் இரண்டு கண்ணையும் ஒப்பிடவேண்டாம்.

குனிவது, பாரம் தூக்குவது, முக்குவது மூன்றும் இரண்டு வாரத்துக்குக் கூடாது. மலச்சிக்கல் வராமல் பப்பாளியும் தண்ணீரும் எடுங்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். விழுந்து கும்பிடுவதையும் குளிக்கக் கிணற்றில் வாளியால் அள்ளுவதையும் ஒத்திப்போடுங்கள். தொழுகிறவர்கள் கதிரையில் இருந்து தொழுவது நல்லது, சுஜூதில் தலை நெஞ்சுக்குக் கீழே போகிறது. தையல் வெட்டும்வரை கழுத்துக்குக் கீழே குளித்து, முகத்தைத் துணியால் துடையுங்கள். திருநீறும் சந்தனமும் காய்ந்து உதிர்ந்தால் காயத்திலேயே விழும். விறகடுப்புப் புகைப் பக்கமும் போகவேண்டாம்.

காலையில் கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த துணியால் தையலில் காய்ந்திருக்கும் இரத்தத்தை ஒற்றி எடுத்து, தந்த களிம்பை நெல்மணி அளவு பூசுங்கள். செயற்கைக் கண்ணீர்த் துளியைப் பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை விடுங்கள். காலையில் கண் சிவந்து மணல் விழுந்ததுபோல உறுத்தினால், இரவில் இமை திறந்து கிடந்திருக்கிறது. படுக்கும்போது கண்ணுக்குள்ளும் களிம்பு வேண்டும், மின்விசிறியை முகத்தை விட்டுத் திருப்புங்கள். கீழ் இமை செய்தவர்களுக்கு வெள்ளைவிழியின் ஓரம் ஜெலிபோலப் புடைக்கலாம். பயப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், துளிமருந்தில் வற்றும். மூன்றாம் நாளுக்குப் பிறகு சிவப்பும் சூடும் கூடி, சீழும் காய்ச்சலும் வந்தால் அது கிருமி, அன்றே காட்டவேண்டும்.

மோட்டார் சைக்கிள், ஓட்டோ ஓட்டுவது பார்வை தெளிந்து ஒரு வாரம் போனபின். கண்மை, மஸ்காரா, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் எல்லாம் இரண்டு வாரம் கழித்து, புதிய கண்மைக் குச்சியாக வாங்கி. நிலாவெளிக் கடலுக்கும் கன்னியா வெந்நீருக்கும் ஒரு மாதம். வெளியே போனால் பக்கங்களை மூடுகிற கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் மூன்று மாதமாவது வேண்டும், வெயில் பட்டால் தழும்பு கருக்கும்.

தையல் ஓட்டையில் கடுகளவு வெள்ளைக் கொப்புளம் வரலாம். நகத்தால் கிள்ளாமல் அடுத்த வருகையில் காட்டினால் ஊசிமுனையால் எடுத்துவிடுவார்கள். தழும்பு ஆறாம் எட்டாம் வாரத்தில் சிவந்து தடித்துப் பயமுறுத்தும், பிறகு மெல்ல வெளிறும். ஒரு கண்ணில் மடிப்பு உயர்ந்தோ தோல் மிஞ்சியோ தெரிந்தால், முன்பு எடுத்ததுபோலவே நேரே பார்த்து, பிளாஷ் போட்டு, மாதத்துக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு முதல் திருத்தக் கத்தி எடுக்க நல்ல வைத்தியர் சம்மதிக்கமாட்டார். ஆறாம் மாதம் போகும்போது அந்தப் படங்கள் ஆறையும் கொண்டுபோங்கள்.